மன்னரை வாழ்த்திய புரட்சிப் படை: வேலி ஃபோர்ஜ் புல்வெளியில் ஒரு வரலாற்றுப் பயணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஸ்கூல்கில் ஆற்றின் தென்கரையில் ஏறி இறங்கும் புல்வெளிகளாகப் பரந்து கிடக்கும் வேலி ஃபோர்ஜ், அமெரிக்கப் புரட்சியின் துயரக் களமாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அங்கே போர் எதுவும் நடைபெறவில்லை. ஆயினும் 1777 டிசம்பர் 19 முதல் 1778 ஜூன் 19 வரை அங்கு முகாமிட்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் 2,000 பேர் வரை நோயால் மடிந்தனர் என்பதால், பனியும் பசியும் வெறுங்காலும் கந்தல் உடையுமே அவ்விடத்தின் அடையாளங்களாகப் பள்ளிப் பாடங்களில் நிலைத்துவிட்டன. அதே புல்வெளியில், 1778 மே 6 அன்று, பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய அதே படைவீரர்கள், புதிய சீருடை இல்லாவிட்டாலும் துலக்கிய துப்பாக்கிகளுடன் அணிவகுத்து நின்று, பிரான்ஸ் நாட்டு மன்னர் நீடூழி வாழ்க என்று முழங்கினார்கள் என்னும் செய்தி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. புரட்சிக் காலத்தில் ஒரு போர்க்கால நட்புறவு எவ்வாறு கொண்டாடப்பட்டது, அக்கொண்டாட்டத்தின் உண்மையான பொருள் என்ன, அதன் விலையை எவரெவர் கொடுத்தனர் என்பனவற்றை அறிய விரும்பும் பயணிக்கு, வேலி ஃபோர்ஜைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை.

பிலடெல்பியாவிலிருந்து ஆற்றை ஒட்டிச் செல்லும் 76-ஆம் எண் நெடுஞ்சாலை, பெரிய வணிக வளாகத்தால் பெயர்பெற்ற ‘கிங் ஆஃப் பிரஷ்யா’ என்னும் ஊரைத் தொட்டபின், தேசிய வரலாற்றுப் பூங்காவின் வாசலுக்குக் கொண்டுசேர்க்கிறது. 1893-இல் மாநிலப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்ட இந்நிலம், விடுதலையின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, 1976 ஜூலை 4 அன்று தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ‘ஃபோர்ஜ்’ என்பது இரும்பை உருக்கி அடித்துப் பண்டமாக்கும் பட்டறையைக் குறிக்கும். வேலி ஓடை ஆற்றில் கலக்குமிடத்தில் இயங்கிவந்த அத்தகைய பட்டறை ஒன்றை 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படையினர் எரித்துவிட்டனர். அடுத்த சில நாள்களில் அவர்கள் பிலடெல்பியாவையும் கைப்பற்றியதால், அந்நகரில் கூடிவந்த குடியேற்றங்களின் பேரவையான காங்கிரஸ், மேற்கே சஸ்குவஹான்னா ஆற்றுக்கு அப்பாலுள்ள யார்க் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர நேர்ந்தது. தலைநகரை இழந்த நாட்டின் படை, குளிர்காலத்தைக் கழிப்பதற்கும் எதிரியைக் கண்காணிப்பதற்கும் ஏற்றதென்று இம்மேட்டுநிலத்தைத் தேர்ந்தது.

பூங்காவில் முதலில் கண்ணில் படுபவை, மியூலென்பெர்க் என்னும் தளபதியின் பிரிவு தங்கியிருந்த இடத்தில் மீண்டும் கட்டப்பட்டுள்ள மரக்குடில்கள் ஆகும். 14 அடிக்கு 16 அடி என்று வாஷிங்டனே அளவு வகுத்துக் கொடுத்த இக்குடில் ஒவ்வொன்றிலும் 12 படைவீரர்கள் தங்கினர். அறுத்த பலகை கிடைக்காததால் உருளை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்து, உள்ளே அடுக்குப் பரண்களாகப் படுக்கைகளை அமைத்திருக்கும் முறையை இப்போதைய குடில்களில் அருகிருந்து காணலாம். கதவைச் சாத்தினால் கணப்பின் புகையும் பன்னிரண்டு பேரின் மூச்சும் வெளியேற வழியின்றித் தேங்கும் அவ்வறைக்குள் நிற்கும் எவருக்கும், குளிரைவிட டைபஸ், டைபாய்டு, சீதபேதி போன்ற தொற்றுநோய்களே அங்கு பெருங்கொலை புரிந்தன என்பது எளிதில் விளங்கும். இறப்புகளில் பெரும்பகுதி பனி உருகியபின், மார்ச் முதல் மே வரையிலான மாதங்களிலேயே நிகழ்ந்தது என்பதைக் கருத்தில் கொண்டால், மே மாதக் கொண்டாட்டம் துயரம் முடிந்தபின் வந்த விழா அன்று, துயரத்தின் நடுவிலேயே எடுக்கப்பட்ட விழா என்பது தெளிவாகும்.

கொண்டாட்டத்துக்குக் காரணமான உடன்படிக்கை, கடலுக்கு அப்பால், பாரிஸ் நகரத்தின் நடுவே உருவானது. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஜெனரல் பர்கோய்ன் தலைமையிலான பிரிட்டிஷ் படை முழுவதும் அமெரிக்கரிடம் சரணடைந்த செய்தி டிசம்பர் தொடக்கத்தில் பாரிஸை எட்டியதும், அதுவரை மறைமுகமாகத் துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் அனுப்பிவந்த பிரான்ஸ், வெளிப்படையாகக் கைகோக்கத் துணிந்தது. அயலுறவு அமைச்சர் வெர்ழேனின் நோக்கம் குடியாட்சியைப் பரப்புவது அன்று. ஏழாண்டுப் போரின் முடிவில், 1763-இல், கனடாவையும் இந்தியாவில் தன் செல்வாக்கையும் பிரிட்டனிடம் இழந்த பிரான்சின் மதிப்பை மீட்பதே அவருடைய கணக்கு. 1778 பிப்ரவரி 6 அன்று, இன்று கொன்கோர்த் சதுக்கம் எனப்படும் இடத்தின் ஓரத்திலுள்ள கொய்லான் மாளிகையில், அமெரிக்கர் சார்பில் பெஞ்சமின் பிராங்க்ளின், சைலஸ் டீன், ஆர்தர் லீ ஆகிய மூவரும், பிரான்சின் சார்பில் ழெரார் என்னும் அரசுச் செயலரும் இரண்டு உடன்படிக்கைகளில் கையொப்பமிட்டனர். முதலாவது, அமெரிக்காவைத் தனிநாடாக ஏற்று வணிக உறவை வகுத்த நட்பு உடன்படிக்கை. இரண்டாவது, பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டால் இரு தரப்பும் இணைந்து போரிடும் என்றும், ஒருவரின் இசைவின்றி மற்றவர் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது என்றும் விதித்த இராணுவக் கூட்டணி உடன்படிக்கை. கையொப்பம் இடப்பட்டதைக் கூறும் கல்வெட்டு ஒன்று அம்மாளிகைச் சுவரில் இன்றும் உள்ளது.

கம்பியும் நீராவியும் இல்லாத அக்காலத்தில் செய்தி கப்பலின் வேகத்திலேயே பயணம் செய்தது. சைலஸ் டீனின் சகோதரர் சிமியன் டீன், உடன்படிக்கைப் பத்திரங்களுடன் ‘சான்சிபிள்’ என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலில் புறப்பட்டு, ஏப்ரல் நடுவில் இன்றைய மெய்ன் மாநிலக் கரையில் இறங்கி, தரைவழியே விரைந்து, மே 2 அன்று யார்க் நகரை அடைந்தார். காங்கிரஸ் மே 4 அன்று ஒப்புதல் வழங்கியது. மறுநாளே வாஷிங்டன் தம் படைக்கு ஆணையிட்டார். இந்த அவசரத்துக்கும் காரணம் இருந்தது. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டால் வரி முதலியவற்றில் விட்டுக்கொடுக்க ஆயத்தம் என்று லண்டனில் நார்த் பிரபுவின் அரசு கொண்டுவந்த சமரசத் திட்டங்கள் ஏப்ரலிலேயே அமெரிக்காவில் பரவத் தொடங்கியிருந்தன. சோர்ந்திருந்த மக்களும் வீரர்களும் அதற்கு இணங்கிவிடக் கூடும் என்ற அச்சம் தலைவர்களுக்கு இருந்தது. ஆகவே மே 6-இன் விழா, நன்றி தெரிவித்தல் என்ற அளவில் நில்லாமல், பின்வாங்க வழியில்லை என்பதைப் படைக்கும் நாட்டுக்கும் எதிரிக்கும் ஒருசேர அறிவிக்கும் அரசியல் செயலாகவும் அமைந்தது.

விழா நடைபெற்ற பெருவெளி, முகாமின் நடுவில், அன்றைய பெயராலேயே ‘பேரணிவகுப்புத் திடல்’ என்று வழங்குகிறது. கோடையில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் புல்லின் ஊடே வெட்டப்பட்ட நடைவழிகளும், மாலையில் மேய வரும் மான்களுமாக அமைதியாகக் கிடக்கும் அத்திடலை நோக்கியவாறு, பிரஷ்ய நாட்டவரான பிரீட்ரிக் ஃபான் ஸ்டாய்பெனின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1778 பிப்ரவரியில் முகாமுக்கு வந்த இவர், பிரஷ்யப் படையில் கேப்டனாக மட்டுமே இருந்திருந்தும், பெருந்தளபதியாக இருந்தவர் என்று அமெரிக்கரிடம் அறிமுகப்படுத்தப்பட்டிருந்தார், ஆங்கிலமும் அறியாதவர். ஆனால் அவருடைய தொழிலறிவில் பொய் ஏதும் இல்லை. நூறு பேர் கொண்ட மாதிரிப் பிரிவு ஒன்றைத் தாமே நேரில் நின்று பழக்கி, அவர்களைக் கொண்டு மற்றவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் முறையை அவர் கையாண்டார். அதற்கு முன்பு ஒவ்வொரு மாநிலத்துப் படைப்பிரிவும் தன் போக்கில் துப்பாக்கி கெட்டித்தது. நீண்ட ஒற்றை வரிசையாக நடந்ததால், களத்தில் போர்வரிசையாக விரிவதற்குள் காலம் கடந்தது. ஸ்டாய்பென் நடையின் வேகத்தையும், துப்பாக்கி கெட்டிக்கும் படிகளையும், துப்பாக்கி முனையில் செருகும் ஈட்டியான பயனெட்டின் பயன்பாட்டையும் அனைவருக்கும் பொதுவாக்கினார். உயர்குடி அதிகாரிகள் சார்ஜெண்டுகளிடம் விட்டுவிடும் பயிற்சிப் பணியைத் தளபதியே செய்ததைக் கண்ட வீரர்கள், புரியாத மொழியில் அவர் பொழிந்த வசவுகளையும் உவகையோடு ஏற்றனர்.

மே 6-ஆம் நாள் காலை 9 மணிக்கு, ஒவ்வொரு பிரிகேடும், அதாவது பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த படைத்தொகுதியும், தன் குடில்களின் முன் கூடியது. படைப்பிரிவின் சமயகுரு, உடன்படிக்கைச் செய்தியைத் தாங்கிய பென்சில்வேனியா கெஜட் இதழின் சிறப்பு இணைப்பை உரக்கப் படித்து, இறைவனுக்கு நன்றி கூறிச் சொற்பொழிவாற்றினார். பத்தரை மணிக்கு முதல் பீரங்கி முழங்கியதும் வீரர்கள் ஆயுதம் தரித்தனர். பிரிகேடுகளின் ஆய்வாளர்கள் உடையையும் துப்பாக்கியையும் சரிபார்த்தனர். பதினொன்றரை மணிக்கு இரண்டாம் பீரங்கி ஒலித்தபோது, பல திசைகளில் சிதறியிருந்த பிரிகேடுகள் தத்தம் வழியே நடந்து, முன்னும் பின்னுமாக இரண்டு நீண்ட வரிசைகளாகத் திடலை ஒட்டி விரிந்தன. முன்வரிசையின் வலப்பக்கத்துக்கு ஸ்டெர்லிங் பிரபுவும், இடப்பக்கத்துக்கு இருபது வயதே நிரம்பிய பிரெஞ்சுப் பிரபு லஃபாயெத்தும், பின்வரிசைக்குப் பவேரியாவில் பிறந்து பிரெஞ்சுப் படையில் வளர்ந்த தெ கால்ப் என்பவரும் தலைமை தாங்கினர். மூன்று மாதங்களுக்கு முன்பு ஒழுங்காகத் திரும்பத் தெரியாதிருந்த ஒரு படை, குழப்பமின்றி இவ்வாறு விரிந்து நின்றதே அன்றைய முதல் வெற்றியாகும்.

அடுத்து நிகழ்ந்தது, பிரெஞ்சு மொழியில் ‘ஃபெ த ழ்வா’ எனப்படும் மகிழ்ச்சி வேட்டு. பீரங்கிகளோடு, வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவர் சுட்ட மறுகணமே தம் துப்பாக்கியைச் சுட, வேட்டொலி வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடிச்செல்லும் இராணுவ மரபு இது. இந்தியாவின் சில மாநிலங்களில் குடியரசு நாள் அணிவகுப்பில் காவல்துறையினர் இன்றும் இதனை நிகழ்த்துகின்றனர். பதின்மூன்று மாநிலங்களைக் குறிக்கும் வகையில் முதலில் பதின்மூன்று பீரங்கி வேட்டுகள் முழங்கின. பதின்மூன்றாவது ஓய்ந்ததும், முன்வரிசையின் வலக்கோடியில் உட்ஃபோர்டு பிரிகேடிலிருந்து புறப்பட்ட துப்பாக்கி வேட்டு இடக்கோடி வரை ஓடி, அங்கே பின்வரிசையின் இடப்பக்கத்தால் ஏற்கப்பட்டு, மீண்டும் வலப்பக்கம் திரும்பி வந்தது. பின்பு சைகை கிடைத்ததும், மொத்தப் படையும் பிரான்ஸ் மன்னரை வாழ்த்தி ஆரவாரித்தது. மீண்டும் பதின்மூன்று பீரங்கிகள், மீண்டும் ஓடும் வேட்டு. இம்முறை வாழ்த்து ஐரோப்பாவின் நட்பு நாடுகளுக்கு. மூன்றாம் சுற்றின் முடிவில் எழுந்த முழக்கம் அமெரிக்க மாநிலங்களுக்கு.

இவ்வேட்டின் நுட்பத்தை அறிந்தால்தான் அன்றைய சாதனையின் அளவு புலப்படும். அக்காலத்து மஸ்கட் துப்பாக்கியில், குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டிக் கோலால் இடித்து, பற்றுத்தட்டில் சிறிதளவு மருந்து வைத்து, சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பறக்கும் பொறியால் அதைப் பற்றவைக்க வேண்டும். கல் மழுங்கினாலோ மருந்து ஈரமானாலோ துப்பாக்கி வெடிக்காது. ஆயிரக்கணக்கானோர் நிற்கும் வரிசையில் ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் ஒலியின் ஓட்டம் அறுந்துவிடும். அத்தகைய ஓட்டத்தை மூன்று முறை நிறைவேற்றியதன் வாயிலாக, பிரான்சின் துணைக்குத் தகுதியுள்ள படை தாங்கள் என்பதை அவ்வீரர்கள் தங்களுக்கே மெய்ப்பித்துக் கொண்டனர். காங்கிரஸ் ஸ்டாய்பெனைத் தலைமை ஆய்வாளராக நியமித்த செய்தியும் அதே நாள்களில் முகாமுக்கு வந்து சேர்ந்தது பொருத்தமே.

வேட்டு ஓய்ந்தபின், அதிகாரிகள் பதின்மூவர் பதின்மூவராகத் தோளிணைந்து, கைகோத்து, விருந்துப் பந்தலை நோக்கி நடந்தனர். மாநிலங்களின் ஒற்றுமையை உடலாலேயே எழுதிக் காட்டிய காட்சி அது. கூடாரத் துணிகளை இணைத்து எழுப்பிய பந்தலின்கீழ், வாஷிங்டனின் மனைவி மார்த்தா, தளபதி கிரீனின் மனைவி உள்ளிட்ட பெண்களும் கலந்துகொண்ட விருந்து மாலை வரை நீடித்தது. ஐந்து மணியளவில் வாஷிங்டன் விடைபெற்றுச் சென்றபோது அதிகாரிகள் தொப்பிகளை வானில் வீசி ஆரவாரித்தனர் என்றும், எப்போதும் இறுக்கமான முகத்தோடு காணப்படும் அவர் குதிரையைத் திருப்பிப் பதிலுக்குத் தாமும் ஆரவாரித்தார் என்றும் அன்றைய கடிதங்கள் பதிவுசெய்துள்ளன. விழாவுக்கு இரு நாள்கள் முன்பு, மே 4 அன்று, அவர் இளம் அதிகாரிகளுடன் ‘விக்கெட்’ என்னும் மட்டைப்பந்து ஆட்டம் ஆடினார் என்று ஜார்ஜ் யூயிங் என்னும் அதிகாரியின் நாட்குறிப்பு கூறுகிறது. கிரிக்கெட்டின் நெருங்கிய உறவான அவ்விளையாட்டு, முகாமின் மனநிலை மாறிவிட்டதற்குச் சான்றாகும்.

எனினும் அந்த மகிழ்ச்சியில் வாஷிங்டன் மயங்கிவிடவில்லை. ஆறும் ஓடையும் கூடும் மூலையில், அவர் வாடகைக்குத் தங்கியிருந்த ஐசக் பாட்ஸின் இரண்டடுக்குக் கல்வீடு பெரும்பாலும் பழைய நிலையிலேயே பேணப்படுகிறது. அதன் குறுகிய கீழ்த்தள அறைகளில் அமர்ந்து எழுதிய அந்த மாதக் கடிதங்களில், பிரான்ஸ் வந்துவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நாடு சோம்பிவிடக் கூடும் என்ற கவலையை அவர் வெளிப்படையாகவே தெரிவித்தார். அவர் அஞ்சியது வீணன்று. போர் மேலும் ஐந்து ஆண்டுகள் நீண்டது. ஆனால் எதிர்த்தரப்பின் நிலையோடு ஒப்பிட்டால் காலத்தின் போக்கு தெரியும். மே 18 அன்று, பிலடெல்பியாவில், பதவி விலகிச் செல்லும் தளபதி ஹோவுக்காகப் பிரிட்டிஷ் அதிகாரிகள் ‘மெஸ்கியான்சா’ என்னும் களியாட்டத்தை நடத்தினர். டெலவர் ஆற்றில் படகு ஊர்வலமும், இடைக்கால வீரர்களைப்போல் வேடமிட்ட குதிரைப்போட்டியும், வாணவேடிக்கையும் அதில் இடம்பெற்றன. பிரான்சின் கடற்படை அமெரிக்கக் கரைக்கு வரும் என்ற அச்சத்தால், சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 18 அன்று அவர்கள் நகரையே காலிசெய்தனர். ஜூன் 28 அன்று, மான்மத் களத்தில், வேலி ஃபோர்ஜில் பயின்ற வரிசைகள் பிரிட்டிஷ் படையை நேருக்கு நேர் தாங்கி நின்றன.

திடலின் கிழக்கே உயர்ந்து நிற்கும் தேசிய நினைவு வளைவு, இக்கூட்டணியின் நினைவு எவ்வாறு மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது என்பதைக் காட்டுகிறது. ரோமாபுரியின் டைட்டஸ் வளைவைப் பின்பற்றி இதனை வடிவமைத்த பால் கிரே, பிரான்சின் லியோன் நகரில் பிறந்து பிலடெல்பியாவில் கட்டடக்கலை கற்பித்தவர். முதல் உலகப்போர் மூண்டபோது பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். அமெரிக்கா பிரான்சின் பக்கம் போரில் இறங்கிய இரண்டே மாதங்களில், 1917 ஜூன் 19 அன்று, வளைவு நாட்டுக்கு அளிக்கப்பட்டது.

பயணத்தின் அடுத்த கட்டமாக, ஹட்சன் ஆறு குன்றுகளுக்கிடையே வளைந்து செல்லும் வெஸ்ட் பாயிண்ட் அமைகிறது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரெஞ்சு, அமெரிக்கக் கூட்டுப்படையிடம் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்த அதே மாதத்தில், பிரான்சில் பட்டத்து இளவரசர் லூயி ஜோசப் பிறந்தார். அப்பிறப்பைக் கொண்டாட, 1782 மே 31 அன்று, வாஷிங்டனின் படை வெஸ்ட் பாயிண்டில் மரத்தண்டுகளாலான 118 தூண்களைக் கொண்ட மாபெரும் பசும்பந்தலை எழுப்பியது; பிரெஞ்சுப் பொறியாளர் வில்ஃப்ராஞ்ச் அதை வடிவமைத்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உண்ட விருந்தில் பதின்மூன்று வாழ்த்துரைகள் பீரங்கி முழக்கத்தோடு கூறப்பட்டன; இரவில் ஆற்றின் இருகரைக் குன்றுகளிலிருந்தும் மகிழ்ச்சி வேட்டு எழுந்தது. பரம்பரை ஆட்சியை மறுத்த மக்கள், ஒரு பரம்பரையின் வாரிசு பிறந்ததற்காகக் காட்டையே பந்தலாக்கினர். இதைப் போலித்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் துப்பாக்கியும் மருந்தும் கப்பலும் பணமும் தந்து தங்கள் நாட்டை முதன்முதலில் நாடென்று ஏற்றவருக்கு, அவர்களால் இயன்ற ஒரே கைம்மாறு மதிப்பளிப்பதாகவே இருந்தது.

அம்மதிப்பின் விலையைப் பிரெஞ்சு மக்கள் செலுத்தினர். இப்போருக்காகப் பிரான்ஸ் செலவிட்ட நூறு கோடி லீவ்ருக்கும் அதிகமான தொகை பெரும்பாலும் கடனாகத் திரட்டப்பட்டது. அந்தக் கடன்சுமையே 1789-இல் மக்கள் பேரவையைக் கூட்டும் நிலைக்கு மன்னரைத் தள்ளியது. வெஸ்ட் பாயிண்டில் வாழ்த்தப்பட்ட இளவரசர் அவ்வாண்டு ஜூனில் ஏழு வயதில் நோயால் இறந்தார். வேலி ஃபோர்ஜில் வாழ்த்தப்பட்ட பதினாறாம் லூயி, 1793 ஜனவரி 21 அன்று, கூட்டணி கையெழுத்தான கொய்லான் மாளிகை எதிர்நோக்கும் அதே சதுக்கத்தில் தலை துண்டிக்கப்பட்டார். என்றென்றைக்கும் என எழுதப்பட்ட கூட்டணியும் 1800-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் முடிவுக்கு வந்தது.

விலையின் இன்னொரு பகுதி தமிழ்நிலத்தில் செலுத்தப்பட்டது. கூட்டணியால் மூண்ட பிரிட்டிஷ் – பிரெஞ்சுப் போரின் விளைவாக, 1778 ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, அக்டோபரில் கைப்பற்றினர். அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயை ஆங்கிலேயர் பறித்தது, மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1780-இல் கர்நாடகப் பகுதியின்மீது படையெடுக்கக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அவருடைய புகழ் பென்சில்வேனியா வரை சென்றதால், அம்மாநிலத்தின் போர்க்கப்பல் ஒன்று ‘ஹைதர் அல்லி’ என்னும் பெயரைத் தாங்கியது. 1782 ஏப்ரலில் டெலவர் விரிகுடாவில் அக்கப்பல் ‘ஜெனரல் மங்க்’ என்னும் பிரிட்டிஷ் கப்பலைச் சிறைப்பிடித்தது. கடைசியாக, 1783 ஜூன் 13 அன்று கடலூரின் தெற்கே தரையிலும், ஜூன் 20 அன்று அதன் கடலிலும், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனும் ஆங்கிலேயரோடு கடும்போர் புரிந்தனர். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகியிருந்தது. செய்தி ஜூன் இறுதியில்தான் கடலூரை எட்டியது. அமெரிக்க விடுதலைக்காக மூண்ட உலகப் பெரும்போரின் இறுதிச் சமர்களுள் ஒன்றில், அமெரிக்கா என்ற பெயரையே கேட்டிராத சிப்பாய்கள் உயிர்விட்டனர். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் எச்சங்களைக் காண்போர் பெரும்பாலும் கிளைவின் காலத்தையே எண்ணுகின்றனர். ஆனால் வேலி ஃபோர்ஜில் ஓடிய வேட்டொலியின் தொலைதூரத் தொடர்ச்சியும் இக்கரையில்தான் ஓய்ந்தது.

வேலி ஃபோர்ஜில் ஆண்டுதோறும் மே மாதத்தில் பழைய உடையணிந்த ஆர்வலர்கள் இந்நாளை நிகழ்த்திக் காட்டுகின்றனர். அதைக் காணும் பயணி, பசியையும் நோயையும் கடந்து ஒழுங்கைக் கற்ற எளிய மனிதர்களின் பெருமிதத்தை மனமார மதிக்க வேண்டும். அவர்களுடைய மகிழ்ச்சி உண்மையானது, உழைத்துப் பெற்றது. அதேவேளை, ஒரு நாட்டின் விடுதலை அந்நாட்டவரால் மட்டும் வெல்லப்படுவதில்லை என்பதையும், போர்க்கால நட்பு என்பது கையொப்பமிட்டவர்களோடு நிற்காமல், கேட்கப்படாதவர்களின் தோளிலும் சுமையை ஏற்றும் என்பதையும் அந்த வரலாறு கற்பிக்கிறது. பதின்மூன்று பீரங்கிகளோடு கடன்சுமை தாங்கிய பிரெஞ்சு மக்களையும், புதுச்சேரியின் முற்றுகைக்குள் சிக்கியவர்களையும், கடலூர்ச் சிப்பாய்களையும் சேர்த்து எண்ணும்போதுதான் 1778 மே 6-இன் கணக்கு முழுமை பெறும்.